பூட்டுப் போட்ட குலுக்கல்

எருத்தேன்பதியில் வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதலில் என்பதைப் பாசனச் சங்கம் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்துவந்தது. தலைவரின் பங்காளிகளுக்கே முதல் முறை விழுகிறது என்று முணுமுணுப்பு கிளம்பியதும், அவர் தம் மருமகனிடம் சொல்லி ஓர் இணையப் பக்கம் செய்யவைத்தார். தலைவர் ஒருவர் பெயரைக் கூப்பிட்டுப் பொத்தானை அழுத்துவார். திரையில் ஓர் எண் வரும். சின்ன எண்ணுக்கு முதல் தண்ணீர்.

"கம்ப்யூட்டருக்குச் சொந்தம் ஏது, பந்தம் ஏது? இனி ஒருத்தரும் வாய் தொறக்கக் கூடாதுங்க" என்றார்.

நான் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் சோதிப்பவள். எங்கள் தென்னந்தோப்புக்காகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். திரையில் எண்கள் தசமப் புள்ளிக்குப் பின் கூட்ஸ் வண்டி மாதிரி நீண்டு வந்தன. பார்க்கப் பெருமையாக இருக்கட்டும் என்று மருமகன் அப்படியே விட்டிருந்தார். எனக்கு அது போதும். பிரவுசர் சாதாரணமாகத் தரும் குலுக்கல் எண்கள் ஒரு கணக்கின்படி ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. தொடர்ந்து நாலைந்து முழுசாகக் கிடைத்தால் மீதியையும் சொல்லிவிடலாம். முதலில் வந்தவற்றை மடிக்கணினியில் தட்டிக் கணக்குப் போட்டு, அடுத்த எண்ணை உரக்கப் படித்தேன். தலைவர் பொத்தானை அழுத்தினார். அதே எண் வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

தலைவர் பதறுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா, அம்மிணி சொன்னதேதான் வருது. அப்பக் கம்ப்யூட்டரு தப்பே பண்ணலீங்க."

"தலைவரே, முன்னாடியே சொல்ல முடிஞ்சா அது குலுக்கலே இல்லீங்க. அடுத்தது சின்ன எண்ணுன்னு தெரிஞ்சா, வேண்டியவங்க பேர அப்பக் கூப்பிட்டுக்கலாமுங்களே."

"அப்படியெல்லாம் யாரு பண்ணுவாங்க" என்றார், பங்காளிகள் பக்கம் திரும்பாமல்.

மறுநாள் காலையில் பக்கத்துத் தோட்டக்காரர் இளநீரோடு வந்தார். "ஏனுங்க அம்மிணி, எங்களுக்கு எப்ப வருமுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." ஜாதகத்தைக் கொண்டுவராததுதான் குறை.

சரிசெய்ய ஒரு வரி போதும். யாரும் ஊகிக்க முடியாத எண்ணைத் தரும் வேறொரு வசதியும் அதே பிரவுசருக்குள் இருக்கிறது. அந்த வரியை எழுதி மருமகனுக்கு அனுப்பினேன். அதைச் சேர்த்தாரா என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் பக்கம் மாறியிருந்தது. பொத்தானுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு பூட்டுப் படம்.

"இனிப் பயமில்லீங்க, பூட்டே போட்டாச்சு" என்றார் தலைவர். குலுக்கல் நடக்கும்போது மடிக்கணினியோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்று தீர்மானமும் நிறைவேறியது. எல்லாரும் கை தூக்கினார்கள்.

நான் மடிக்கணினியோடு வாசலில் நின்று, திரை தெரியாமல் பெயர்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தோப்புக்குக் கடைசி முறை விழுந்தது. தானாக விழுந்ததா, விழவைத்தார்களா என்று கண்டுபிடிக்க எனக்கு இப்போது வழியில்லை.