காரைச் சுற்றி நின்றவர்கள்

என் மருமகனின் பழைய வேன் நேற்றிலிருந்து 'டக் டக்' என்கிறது. அதைச் சுற்றி ஐந்து பேர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள். ஒருவன் பம்பரை அமுக்குகிறான். இன்னொருவன் டயரைக் காலால் உதைக்கிறான். டயரை உதைத்து நோய் கண்டுபிடித்த ஆண்பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. உதைக்காத ஆண்பிள்ளையையும் சந்திக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஐம்பதுகளில் கல்முனையில் ஒரு ஹாஜியாருக்குக் கார் ஓட்டினேன். அரிசி ஆலை, வயல், இடுப்பில் வெள்ளைச் சாரம், பத்து வீட்டுக்கு மணக்கும் அத்தர், எல்லாம் இருந்த மனுசர். காரோ எவனோ ஒரு தோட்டத்துரை ஓட்டித் தேய்த்து, இரண்டு கை மாறி வந்த கிழடு. எத்தனை மைல் ஓடியதென்று அதற்கே மறந்துபோயிருந்தது. அதன் கதவில் ஈ உட்கார்ந்தாலும் ஹாஜியார் என்னைத்தான் கூப்பிடுவார்.

ஒரு மாரி முடிந்த கையோடு, கார் பின்பக்கம் இடது புறமாகச் சாயத் தொடங்கியது. வயலுக்குப் போகும் வழியில் தண்ணீருக்குக் குறுக்கே போட்ட கிட்டங்கித் தாம்போதியில் ஏறினால் அடியில் 'டக்' என்று ஓர் இடி. பின்சீட்டில் ஹாஜியாரின் தொப்பி கூரையில் போய் முட்டும்.

"உன்ட ஓட்டுத்தான் பிழை," என்றார். "வாற வெள்ளி ஜும்ஆவுக்குள்ள சத்தம் நிக்கல்லெண்டா சாவியத் தந்துட்டு நீ போ."

மருதமுனையில் எனக்குப் பெண் பேசியிருந்த நேரம் அது. டிரைவர் மாப்பிள்ளை என்றுதான் பேச்சே. சாவி போனால் மாப்பிள்ளையும் போவான்.

அதற்குள் வைத்தியர்கள் வந்து குவிந்தார்கள். கராச்சுக்காரர் பம்பரை இரண்டு தரம் அமுக்கிவிட்டு, "சொக் அப்சோபர் போயிட்டு," என்றார். மாற்றினோம். கார் மாறவில்லை. லொறி ஓட்டி ஓய்ந்த ஒருவர், "கிறீஸ் காணா," என்றார். கிறீஸை அப்பியதில் தெருநாய்கள் காரை நக்கினதுதான் மிச்சம். ஹாஜியாரின் மச்சினன் இதற்கும் மேலே போய், கண்ணூறு என்று உப்பும் செத்தல் மிளகாயும் கொண்டுவந்து காரைச் சுற்றி நெருப்பில் போட்டார். கண்ணூறு இருந்தால் நெடி வராது என்பார்கள். நாங்கள் கண்ணீர் வழிய இருமினோம். அப்போதும் அவர், "கொஞ்சம் இரிக்கி," என்றார்.

இதற்கு ஒரு மாதம் முன்பே ஹாஜியாரின் மனைவி என்னிடம் ஒரு விசயம் சொல்லியிருந்தார். ராத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். வளவு கூட்டிக்கொண்டிருந்தவர், "தம்பி, காருக்குக் கீழ இரும்புத் துண்டொண்டு கெடந்திச்சி. கார்லதான் உழுந்திரிக்கும்," என்றார்.

"கார்ல அப்பிடியெல்லாம் இரும்பு உழுகா ராத்தா," என்று சிரித்தேன். புருசனிடமும் சொல்லியிருக்கிறார். "நீ குசினியப் பாரு," என்றாராம்.

இத்தனை பேர் வந்தும் ஒருவராவது காருக்குக் கீழே படுத்துப் பார்த்தாரா? எப்படிப் படுப்பார்கள், எல்லோரும் வெள்ளைச் சாரம். எனக்கும் டிரைவர் என்று ஒரு வெள்ளைச் சட்டை. அதில் மண் படக்கூடாதாம். மண்டைக்குள் இருந்த மண்ணைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

வியாழக்கிழமை பகல் சோற்றுக்குக் குசினிப் பக்கம் போனேன். ராத்தா பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி எலும்பையும் சேர்த்து அறுத்தது.

"நல்ல கத்தி ராத்தா."

"ஓம் தம்பி. அண்டைக்கு உங்களிட்டச் சென்ன இரும்புதான். கொல்லனிட்டக் குடுத்து அடிச்செடுத்தன். இது கார் ஸ்பிரிங்கெண்டு கொல்லனும் சென்னார்."

சோற்றை விட்டுவிட்டு ஓடினேன். வெள்ளைச் சட்டையோடு மணலில் படுத்துப் பார்த்தேன். இடது பின்சக்கரத்து ஸ்பிரிங்கில், அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளில் ஓர் இலை பாதியில் முறிந்து, மீதியைக் காணோம். அந்த மீதியால் அறுத்த மீனைத்தான் நாங்கள் வைத்தியர்கள் எல்லோரும் மூக்கு முட்டத் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டபடி வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றிருக்கிறோம்.

கத்தியைக் கொண்டுபோய் ஹாஜியாரிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன். நாலு பேர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர் கத்தியைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"பொம்புளைக்கு விளங்கினது டிரைவருக்கு விளங்கல்லயா? சாவிய வை."

வைத்தேன். ராத்தாவைப் பார்த்துச் சிரித்தவன் நான், எந்த வாயால் நியாயம் கேட்பது? மருதமுனைப் பேச்சும் அத்தோடு நின்றது. நோயைக் கண்டுபிடித்தது தான்தான் என்று ஹாஜியார் கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். ஊரும் நம்பியது.

அன்று கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் பின்பக்கம் போனபோது ராத்தா மெதுவாகக் கேட்டார்: "இத இனிக் கார்ல பூட்டேலாதுதானே தம்பி? அப்ப நான் வெச்சிக்கிறன்."

இரண்டு வருசத்தில் கார் பழைய இரும்புக்குப் போனது. கத்தி, ராத்தா மவுத்தாகும் வரை மீன் வெட்டியது. போன மாதம் அவருடைய பேரன்மாரைக் கண்டு அந்தக் கத்தி எங்கே என்று கேட்டேன். "எந்தக் கத்தி?" என்றார்கள். ஹாஜியார் நோய் கண்டுபிடித்த காரைப் பற்றி மட்டும் அரை மணித்தியாலம் கதைத்தார்கள்.