போன் ஒத்துக்கொண்ட முகம்

செவிலிமேடு அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க நின்றபோது எனக்கு முன்னால் நின்றவள் அவள். இடுப்பில் கைக்குழந்தை, ஒட்டிப்போன கன்னம். யார் பேசினாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

இப்போதெல்லாம் செல்போன் முகத்தை அடையாளம் கண்டால்தான் மாவு. டீச்சர் படமெடுத்துப் பார்த்தார்.

"பழைய படத்தோட ஒத்துவரலைம்மா."

முந்தானையைச் செருகினாள்.

"அது மாசமா இருந்தப்போ எடுத்தது, டீச்சர். புள்ளைக்குப் பால் கொடுத்து இளைச்சுப் பூட்டேன். அதுக்குத்தானே மாவு கேக்கறேன்?"

"போன் ஒத்துக்கணுமே, நான் என்ன பண்றது?"

மேசைமேல் இருந்த பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்தாள். இரண்டு கன்னமும் உப்ப மாவை அடைத்துக்கொண்டு போனுக்கு நேராக முகத்தை நீட்டினாள்.

போன் ஒத்துக்கொண்டது.

"உன் பேரு என்னம்மா?" என்றேன். மென்று முடிக்கும்வரை யாருக்கும் பதில் சொல்வதாக இல்லை அவள்.