மட்டமான கரண்டி நான்கு

என் தம்பி இப்போது லொறி ஓட்டுகிறான். நெல் மூட்டையைத் தனியே தூக்கித் தோளில் வைப்பான். இவன் இரண்டு மாதப் பிள்ளையாய் இருந்தபோது ஆறு நாள் வெளிக்குப் போகாமல் கிடந்து வீட்டையே கலக்கினவன் என்று சொன்னால் அவன் மனைவி நம்புவதில்லை. அந்த ஆறு நாளில் எனக்கும் பங்கு உண்டு.

நான் அப்போது நாலாம் வகுப்பு. எங்கள் வீடு வடகரையில், கடலுக்கும் பனங்காணிக்கும் நடுவில் இருந்தது. அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கடலில் தொழில். அவருக்கும் அம்மாவுக்கும் ஓர் எழுத்தும் தெரியாது. கூட இருந்த பெரியம்மாவுக்குத் தன் பெயரை எழுத வரும். அதுவும் கடைசி எழுத்துக்கு முன்னால் நின்றுவிடும். கடிதம், கூப்பன் கடை அறிவித்தல், சீனி சுற்றி வந்த பேப்பர் எல்லாவற்றையும் வாசிப்பது நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வவுனியாவில் அரிசி ஆலை, மன்னாரில் கருவாட்டு வாடி, அதற்கப்பால் எங்கெங்கோ என்று சுற்றியிருக்கிறேன். அந்த வீட்டில் எனக்கு இருந்த மதிப்பு பிறகு எங்கும் கிடைக்கவில்லை.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு பிறந்தன. இரண்டும் நாற்பது நாள் தாண்டவில்லை. தம்பி நாற்பதைத் தாண்டினான். ஆனால் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. ஐயா சட்டை போட்டுக்கொண்டு பட்டினத்துக்குப் போனார். சட்டை போடுவது கோயிலுக்கும் கலியாணத்துக்கும் மட்டும். திரும்பும்போது கையில் தகரத்தில் அடைத்த ஒரு பால்மா ரின் இருந்தது.

ரின்னை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி இருந்தோம். நான் எழும்பி நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற இராகத்தில் வாசித்தேன்.

"கொதித்து ஆறிய நீர் நான்கு அவுன்ஸ். மட்டமான கரண்டி நான்கு."

பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "என்ன கரண்டியெண்டனி?"

"மட்டமான கரண்டி."

எங்கள் வீட்டில் மட்டமான சாமான் என்றால் மலிவான, நாலு பேருக்கு முன்னால் வைக்க வெட்கப்படுகிற சாமான். ரின்னுக்குள் கிடந்த கரண்டியை எடுத்துப் பார்த்தோம். ஊதினால் பறக்கிற பிளாஸ்டிக். எழுதியிருந்தது சரியாகத்தான் பட்டது.

"கொழுப்பைப் பாருங்கோவன்," என்றாள் பெரியம்மா. "எங்கடை பிள்ளைக்கு மட்டமான கரண்டி போதுமாம். அதை வெக்கமில்லாமல் எழுதியும் ஒட்டியிருக்கிறான்."

ஐயா எழும்பிச் சுவர்த் தட்டில் இருந்து எவர்சில்வர் கரண்டியை இறக்கினார். கடல் தாண்டி அக்கரைக்குப் போனபோது கொண்டு வந்தது. விருந்தாளி வந்தால் மட்டும் சீனி போட எடுப்போம்.

"இதாலை போடு. குவிச்சுப் போடு," என்றார்.

பிளாஸ்டிக் கரண்டி எனக்கு விளையாடக் கிடைத்தது.

பால் கஞ்சிபோல வந்தது. போத்தலின் ரப்பர் சூப்பியால் இறங்கவில்லை. பெரியம்மா ஊசியைச் சுடவைத்துத் துவாரத்தைப் பெருப்பித்தாள். எங்களுக்கு அதுவும் பெருமைதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை குடிப்பது போத்தலுக்குள்ளால் மறுபக்கம் தெரிகிற தண்ணிப் பால். எங்கள் தம்பி குடிப்பது அப்படியில்லை. கிணற்றடியில் நின்ற எல்லோருக்கும் நான் சொன்னேன், ரின்னை வாசித்தது நான்தான் என்றும் சேர்த்து.

இரண்டு நாளாகத் துணி சுத்தமாகவே இருந்தபோது, குடிப்பதெல்லாம் உடம்பில் ஒட்டுகிறது என்றாள் பெரியம்மா. நான்காம் நாள் அவளே வெற்றிலைக் காம்பை ஆமணக்கெண்ணெயில் தோய்த்து வைத்துப் பார்த்தாள். காம்புதான் திரும்பி வந்தது. பிள்ளை முக்குவான், சிவப்பான், கத்துவான், வேறொன்றும் நடக்காது. ஆறாம் நாள் போத்தலை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பினான். வயிறு மேளத்தோல்போல விறைத்து நின்றது. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு அழாமல் இருந்தாள். முன்னைய இரண்டுக்கும் அழுது முடித்திருந்தாள்.

அன்று காலை ஐயா கடலுக்குப் போகவில்லை. ஓடிப்போய் அரசாங்க மருத்துவிச்சியைக் கூட்டி வந்தார். அவ குடையை மடித்து வைத்துவிட்டு, பிள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்தா. பிறகு போத்தலைச் சரித்தா. பால் அசைய யோசித்தது.

"இதென்ன பசையோ? சுவரிலை நோட்டீஸ் ஒட்டப் போறியளோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையெண்டால் சிலது நாலைஞ்சு நாள் போகாமலும் இருக்கும், பயமில்லை. போத்தல் பால் அப்பிடியில்லை. மாவைக் கூட்டித் தண்ணியைக் குறைச்சால் உள்ளுக்கை கல்லாக் கட்டிப் போடும். ரின்னுக்கை ஒரு கரண்டி இருந்திருக்குமே, எங்கை அது?"

நான் ஓடிப்போய் முற்றத்தில் விளையாடிய மண்சோற்றுக் கடையில் இருந்து கரண்டியை எடுத்து வந்தேன். மண் ஒட்டியிருந்தது. மருத்துவிச்சி அதைக் கழுவி அவித்து, மாவை அள்ளி, கத்தியின் பின்பக்கத்தால் மேலே ஒரு வழி வழித்தா. குவிந்திருந்தது எல்லாம் ரின்னுக்குள் விழுந்தது.

"இதுதான் மட்டம். சுவர் கட்டிற மேசன் மட்டம் பிடிக்கிறதைக் காணேல்லையோ நீங்கள்? இதாலை நாலு. கூட ஒரு நுள்ளும் வேண்டாம்."

பிறகு ரின்னைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்தா.

"ஆர் இதை வாசிச்சது? பச்சைப் பிள்ளையின்ரை உயிரோடை விளையாட்டே?"

நான் வாயைத் திறக்க முதலே ஐயா சொன்னார். "நான்தான் வாசிச்சனான்."

"எங்கை, இன்னொருக்கா வாசியுங்கோ பாப்பம்."

ஐயா ரின்னை வாங்கினார். எழுத்தில் விரலை வைத்தார். "கொதித்து ஆறிய நீர் நான்கு அவுன்ஸ்" என்று தொடங்கினார். என்னுடைய இராகம். நான் மூச்சு வாங்கின இடத்தில் அவரும் மூச்சு வாங்கினார். என்னுடைய வாசிப்பை அப்படியே மனதில் வைத்திருந்து, என் முன்னாலேயே தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறார். எனக்குத் தாங்கவில்லை.

"ஐயாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நான்தான் வாசிச்சனான்," என்றேன்.

ஐயா ரின்னைக் கீழே வைத்தார். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மருத்துவிச்சி என் பக்கம் திரும்பினா. பிறகு, "எத்தினையாம் வகுப்புப் பிள்ளை?" என்று கேட்டா.

"நாலு."

"ஒரு எழுத்தும் பிழையில்லாமல் வாசிச்சிருக்கிறாய்."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன், கேட்டதா என்று.

மருத்துவிச்சி தம்பிக்குக் கொதித்து ஆறிய தண்ணீரைத் தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினா. மல்லாக்கப் போட்டு, சைக்கிள் மிதிப்பதுபோல இரண்டு காலையும் மாறிமாறி மடித்து நீட்டினா. பிறகு அந்த வேலையை ஐயாவிடம் கொடுத்தா. கயிறு இழுத்துக் காய்த்த கைகளால் அவர் அந்தக் காலை மிதிக்கவைத்துக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்குப் பிறகு முதலில் ஒரு கட்டி வந்தது. கல்லுத்தான். அதன் பின்னால் ஆறு நாள் கணக்கும் தீர்ந்தது. ஐயா உடுத்தியிருந்த சாரம் முழுவதும் பட்டும் அவர் எழும்பவில்லை. பெரியம்மா துணியைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு ஓடினாள், பக்கத்து வீட்டுக்குக் காட்ட.

"பாருங்கோ, எங்கடை பிள்ளை போயிட்டான்."

அன்றைக்கு எனக்கு அடி விழவில்லை. குடம் உடைந்தாலே ஈர்க்கு முறிய அடிக்கிற வீடு அது. ஐயா எனக்கு வரவேண்டிய பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்பதும், அதை நான் பிடுங்கி எடுத்தேன் என்பதும், பறித்தபோது அவருடைய மானத்தையும் சேர்த்துப் பறித்தேன் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை. இரவு அம்மா தன் பங்குப் பாரை மீன் துண்டையும் என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. பிழையில்லாமல் வாசித்ததற்கு என்று எண்ணிக்கொண்டு, முள்ளையும் சூப்பிச் சாப்பிட்டேன்.