குண்டுக்கூடு கடைந்த காலம்

அரூரில் எனக்கு ஒரு லேத் பட்டறை உண்டு. கிணற்று மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் புஷ் என்று வருவதைக் கடைந்து கொடுப்பேன். மழை பொய்த்து வேலை வற்றிய ஒரு வருடம், சேலத்து ஏஜென்ட் ஒருவர் ஐரோப்பாவுக்கு லேத் ஆள் தேடிக்கொண்டு வந்தார்.

"என்ன கம்பெனிங்க?"

"விவசாய மெஷின் பாகம்ங்க. உங்களுக்குக் கைப்பழக்கமான வேலை."

போய்ச் சேர்ந்த முதல் நாளே என் முன் ஒரு எஃகு உருளையை வைத்தார்கள். உள்ளே குடைவு, அடி தடிப்பு, நுனி போகப்போக ஒடுக்கம். லேத்தில் நின்றவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாடு போரில் இருந்தது. நான் கடையவேண்டியது பீரங்கிக் குண்டின் கூடு.

அவ்வளவு பத்திரமான இடத்தில் நான் வேலை செய்ததே இல்லை. அரூரில் ரப்பர் செருப்போடு லேத்தில் நிற்பேன். அங்கே இரும்பு முனை வைத்த பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். தரையில் எண்ணெய் சொட்டினால் நாலு பேர் ஓடிவந்து துடைப்பார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள்.

ஊரிலிருந்து மனைவி போனில் கேட்பாள், "அவ்ளோ டிராக்டரா ஓடுது அங்க?"

"பெரிய பெரிய வெள்ளாமைக் காடு. ஓடாம என்ன?" என்பேன்.

நான் கடைந்ததை அளந்து பார்த்து அனுப்புவது ஒரு அம்மாளின் வேலை. என் அம்மா வயதிருக்கும். போனில் அவர் மொழியில் பேசினால் அது தமிழில் சொல்லும், மேடைப் பேச்சாளர் மாதிரி. ஒருநாள் ஒரு கூட்டைத் தள்ளி வைத்தார். மயிரிழை வித்தியாசம்தான், எங்கள் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று வாதாடினேன். அவர் போனை வாய்க்கருகே பிடித்துப் பேசினார். போன் சொன்னது: "இது பீரங்கிக் குழலுக்குள்ளேயே வெடிக்குமானால், அருகில் நிற்பவன் எனது புதல்வன்."

அதுவரை அது விழப்போகும் இடத்தைப் பற்றி மட்டுமே நினைத்துத் தூக்கம் கெட்டிருந்தேன். கிளம்பும் இடத்தில் ஒருவன் நிற்பான் என்று தோன்றியதே இல்லை. அதன் பிறகு என் கூடு ஒன்றுகூடத் தள்ளுபடி ஆகவில்லை. அவருக்குச் சந்தோஷம். எனக்கு வீட்டிலிருந்து ஆப்பிள் கொண்டுவந்து தருவார்.

அவர் மகன் விடுப்பில் வந்தபோது தொழிற்சாலை வாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "தாங்கள் அனுப்புபவை நேராகச் செல்கின்றன" என்றது போன். எங்கே போய்ச் சேர்கின்றன என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஊரில் என்ன செய்தேன் என்று கேட்டான். தண்ணீர் மோட்டார் என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் தோட்டத்துப் பம்ப் நெடுநாளாக ஓடவில்லையாம்.

சாப்பாட்டு நேரத்தில், மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, ஒதுக்கிய எஃகுத் துண்டொன்றில் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்தேன். அந்த அம்மாள் அதையும் அதே கருவியால் அளந்தார். ஏஜென்ட் சொன்ன விவசாயப் பாகம் என்று நான் அங்கே செய்தது அது ஒன்றுதான். தண்ணீர் ஓடும் வீடியோவைக் காட்டிவிட்டு மகன் மறுபடி சண்டைக்குப் போனான். நான் ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்வரை அவன் உயிரோடுதான் இருந்தான்.

மொரப்பூரில் ரயில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"மொத வாரமே தெரியும்ங்க. கம்பெனி பேரப் போன்ல போட்டுப் பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா திரும்பி வந்திருப்பீங்க. மாடி பாதியில நின்னிருக்கும்."

இப்போது அந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறோம். அவள் தம்பி வெல்டர். அதே ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு என்னிடம் விசாரிக்க வந்திருக்கிறான். ஒளிக்காமல் சொன்னேன்.

"டேய், அது குண்டு செய்யற எடம்டா."

"தெரியும் மாமா. குளுரு தாங்குமான்னுதான் கேட்டேன்."

"தாங்கும். நல்ல கோட்டு குடுப்பாங்க" என்றேன்.