தும்மல் கட்டம்

உலகத்தில் மூக்கு என்று ஒன்று இருக்குமானால் அது சித்தியின் மூக்குதான். மற்றவர்கள் முகத்தில் இருப்பதெல்லாம் கண்ணாடி வழுக்காமல் இருக்க வைத்த முட்டு.

சித்திக்கு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மிளகை இடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, பொறுமையாகக் காத்திருந்தால் 'பைப்பரின்' என்கிற சத்து மஞ்சள் ஊசி ஊசியாக உறையும். மிளகின் காரமே அதுதான். உடம்பில் ஒட்டாமல் ஓடிப்போகிற சில மருந்துகளை அது கையைப் பிடித்து ரத்தத்துக்குள் கூட்டிப்போகுமாம். எவ்வளவு தூரம் கூட்டிப்போகும் என்றுதான் அங்கே பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூட்டை வந்ததும் ஒரு பிடி இடித்துச் சித்தியிடம் நீட்டுவார்கள். மூன்று தும்மல் வந்தால் முதல் தரம். இரண்டு என்றால் யோசனை. ஒன்றோடு நின்றால் மூட்டை வந்த வழியே திரும்பும். பதிவேட்டில் 'தும்மல்' என்று தனிக் கட்டமே உண்டு; பக்கத்தில் டைரக்டர் கையெழுத்து.

அந்த டைரக்டர்தான் ஒருநாள் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். நிறம், அளவு பார்த்துத் தரம் சொல்லுமாம்.

"நாளைக்கு இது பாஸாயிடுச்சுன்னா நீங்க பாட்டில் கழுவுற பக்கம் போயிடுங்கம்மா."

"பத்து வருஷமா உங்களுக்காகத் தும்மியிருக்கேன் சார்!"

"மெஷினுக்கு ஜலதோஷம் பிடிக்காதும்மா."

மறுநாள் இரண்டு பேருக்கும் ஒரே பொட்டலம். மெஷின் பச்சை விளக்கைப் போட்டது: முதல் தரம். அதிலேயே ஒரு பிடி இடித்த பொடியைச் சித்தி முகர்ந்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தும்மல் வரவில்லை. இன்னொரு முறை முகர்ந்தாள். ஊகூம்.

"மூக்கு அடைச்சிருக்கா அக்கா?" என்றார் காவலாளி, துக்கம் விசாரிக்கிற குரலில்.

"என் மூக்கு நல்லாத்தான் இருக்கு. இது மிளகே இல்ல."

டைரக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பொடியை ஊறவைக்கச் சொன்னார். மூன்று நாள் ஆகியும் குடுவையில் ஓர் ஊசிகூட முளைக்கவில்லை. பொட்டலத்தில் மிச்சமிருந்ததைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், அத்தனையும் பப்பாளி விதை! இப்போது அந்த மெஷின்மேல் ஈரக் கோட்டுகளைக் காயப்போடுகிறார்கள். சித்தி பழைய நாற்காலியிலேயே தும்மிக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவையும் நான் எழுதிய காகிதத்தைச் சித்தி நின்றபடியே படித்து முடித்தாள்.

"எல்லாம் சரிடி. அன்னைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டாந்து, அந்தப் பொட்டலத்துப் பக்கத்துல அரைமணி நேரம் நின்னது யாரு? அதுக்கு முந்தின வாரம் பூரா வீட்ல பப்பாளியாத் தின்னு தீர்த்தது யாரு?"

நான் காகிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

"விதையை ஒழுங்காக் காயக்கூட வைக்கல, கழுதை."