டைக்கு முன்னால் ஒரு கையெழுத்து

யார் வீட்டுக்குப் போனாலும் பையிலிருந்து நான் முதலில் வெளியே எடுப்பது காகிதம்தான். சீப்பும் நூலும் கிரீம் டப்பாக்களும் அதற்கு அப்புறம். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேரில் தகரக் கொட்டகையில் கிடந்தபோது, பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வந்தார்கள். எல்லாரும் தையலுக்கு ஓடினார்கள். நான் பியூட்டிஷியன் வேலைக்குப் பெயர் கொடுத்தேன். இந்த வயசில் கிழவிக்கு மினுக்கு கேட்குதா என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். கச்சால் தீவில் ரப்பர் மரம் சீவிய கை இது. மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் எடுக்கத் தெரிந்தவளுக்குப் புருவம் திருத்துவது பெரிய காரியமா?

கற்றுக்கொடுத்த அம்மாள் இந்திக்காரி. "பஹலே சைன், பாத் மே காம்" என்று தினமும் சொல்லுவாள். முதலில் கையெழுத்து, பிறகுதான் வேலை. அந்தக் காகிதத்தில் கேள்விகள் இருக்கும். தோல் வியாதி உண்டா, இழுப்பு உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா. கடைசியில் ஒரு வரி: என் சொந்த விருப்பத்தின் பேரில் செய்துகொள்கிறேன், ஏதாவது ஆனால் செய்தவர் பொறுப்பல்ல. அதன் கீழே கையெழுத்து. ஜெராக்ஸ் கடைப் பையனிடம் சொல்லி அதைத் தமிழிலும் அடித்து வாங்கி வைத்திருந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அந்தக் காகிதம் முழுக்க மனப்பாடம். வரிக்கு வரி விரலை வைத்துக் கேட்பேன்.

லம்பா லைனில் ஒரு ஆபீசர் வீட்டில், பிளீச் போட்ட முகம் சிவந்துவிட்டது என்று வீட்டுக்காரர் என் பையைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். போலீஸ் என்றார். நான் குனிந்து காகிதத்தை எடுத்து அவர் முன்னால் பிடித்தேன். அவர் மனைவி எல்லாக் கேள்விக்கும் இல்லை இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். போலீஸ் பேச்சு அத்தோடு நின்றது. அன்றிலிருந்து, சொந்தக்காரி என்றாலும் கையெழுத்து இல்லாமல் யார் மேலும் என் விரல் படாது.

இப்படி இருக்கும்போதுதான் புரோத்ராபூரிலிருந்து அவள் கூப்பிட்டாள். கச்சாலில் ஒரே தோட்ட லயத்தில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவள். என்னைவிட மிகவும் இளையவள். சுனாமி வரும்போது அவள் தலையில் ஒரு நரை கிடையாது. கொட்டகையில் இருந்த காலத்திலேயே முழுவதும் பஞ்சாகிவிட்டது. இப்போது மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள்.

"அக்கா, மணப்பொண்ணுக்கு மேக்கப் நீங்கதான். அதுக்கு முன்னாடி எந் தலைக்கு டை அடிச்சு வுடுங்க. இந்தத் தலையோட மேடையில ஏற மாட்டேன்."

"மருதாணி போட்டுக்கயேன், ஒரு தொந்தரவும் இல்ல."

"செவத்த முடியோட நிக்கவா? சோளக்கதிருன்னு நெனச்சு யாராச்சும் உரிச்சுடப் போறாங்க."

மகள் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே காகிதத்தை எடுத்து நீட்டினேன். டை என்றால் நேரே தலையில் போட முடியாது. முதல் நாள் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மறுநாள் வந்து பார்க்க வேண்டும். அந்தப் பொட்டு வைப்பதற்கே எனக்குக் கையெழுத்து வேண்டும்.

அவள் சிரிப்பு நின்றுபோனது. "அக்கா, கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

"ஏன், பேனா புடிக்கத் தெரியாதா? எட்டாவது வரைக்கும் படிச்சவதான நீ."

"அன்னிக்கு அந்த மேசையில போட்டதோட சரி. அதுக்கப்புறம் நான் எதுலயும் போடல. ராசன் கடைக்குக்கூட இவளத்தான் அனுப்புறேன்."

எந்த மேசை என்று எனக்குத் தெரியும். சுனாமியில் காணாமல் போனவர்களின் உடம்பு கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று பெண்டாட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சர்க்கார் சான்றிதழ் கொடுக்கும், வீடு கொடுக்கும் என்றார்கள். வரிசையில் எனக்குப் பின்னால்தான் அவள் நின்றாள்.

"நாம் போடற வரைக்கும் அவரு காணாமத்தான் போயிருந்தாரு அக்கா. போட்டப்பறந்தான் செத்தாரு."

எனக்குக் கோபம் வந்தது. "நானுந்தாண்டி போட்டேன். வரிசையில நின்ன அத்தனை பேரும் போட்டோம். எம் புருசனவிட ஓம் புருசன் என்ன ஒசத்தி?"

"ஒங்களால முடிஞ்சுது. அதுக்கு நான் என்ன செய்ய?"

மகள் இடையில் வந்தாள். "பெரியம்மா, நான் போடறேன். யாரு பாக்கப் போறா?"

"நீ போடக் கூடாது. டை யாரு தலைக்கோ, அவங்க கைதான் போடணும்."

பையைக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். எழுந்தபோது இதோடு விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். காகிதத்தை வாங்கி, எல்லா வரியையும் வாய்விட்டுப் படித்தாள். என் வாடிக்கைக்காரிகளில் அதைப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

"'சொந்த விருப்பத்தின் பேரில்.' அன்னிக்கும் இதே மாதிரிதான் எழுதியிருந்துச்சு" என்றாள்.

"வேணாம்னா வுட்டுடு."

"அவரு என்னய இந்தத் தலையோட பாத்ததே இல்ல அக்கா. மக கல்யாணத்துல எந்தக் கூட்டத்துல நின்னாலும் அவருக்கு அடையாளம் தெரியணும்."

அவள் பேனாவை இறுக்கிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, விரலைச் சேலையில் துடைத்தாள். மை ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. நான் டையைக் குழைத்து, காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் காலையில் போனேன். அவள் கண்ணாடி முன்னால் பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பினாள். காது மடல் முழுக்க வீங்கி, பொட்டு வைத்த இடம் கொப்பளித்து நீர் வடிந்தது. சிவப்பு கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது.

துண்டை எடுத்து மடித்து வைத்தேன். "ஒனக்கு டை ஆகாது."

"இம்மாத்துண்டு அரிப்புதான் அக்கா, ஆறிடும்."

"தலை பூரா போட்டா மொகம் வீங்கும், மூச்சு முட்டும். மாட்டேன்."

"அதான் சைன் போட்டுட்டேனே! எது நடந்தாலும் நீங்க பொறுப்பில்லன்னு போட்டிருக்குல்ல? அப்பறம் என்ன பயம் ஒங்களுக்கு?"

"அந்தக் கடுதாசி என்னயக் காப்பாத்தும். ஒன்னக் காப்பாத்தாது."

"அப்ப எதுக்கு அத எங்கிட்ட வாங்குனீங்க? பொட்டு வச்சுப் பாத்துட்டுக் கேட்டிருக்கலாமே."

பொட்டுக்கும் கையெழுத்து வாங்குவது என் முறை. அந்த முறை தப்பு என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். யாருக்கும் நான் அப்படித் திருப்பிக் கொடுத்ததில்லை. அவள் அதைத் தொடவில்லை.

"இனிமே கிழிச்சா என்ன, வச்சுக்கிட்டா என்ன. போட்டது போட்டதுதான்" என்றாள்.

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. சொன்னபடி மணப்பெண்ணை நான்தான் அலங்கரித்தேன். தாலி கட்டும் நேரத்தில், தாரை வார்க்கத் தாய்க்காரியின் அண்ணனும் அண்ணியும் மேடையேறினார்கள். நான் அவளைத் தேடிக்கொண்டு போனேன். பின்கட்டில் சமையல்காரர்களுக்குப் பக்கத்தில், சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டு வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரி. ஒரே மக. தலை எப்படி இருந்தா என்ன, வா மேல."

"நீங்க போங்க அக்கா. இந்தத் தல போட்டாவுல விழும்."

கையைப் பிடித்து இழுத்தேன். அவள் இலையை விடவில்லை. கெட்டிமேளம் கேட்டது. அவள் அடுத்த இலையை எடுத்தாள்.

அம்மா மேடையேறாததற்கு நான்தான் காரணம் என்று அவள் மகள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பத்துபஸ்தி பஸ்ஸில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். அந்தக் காதைப் பார்த்த பிறகு, யார் காலில் விழுந்து கேட்டாலும் நான் டை போட்டிருக்க மாட்டேன். கல்யாண ஆல்பத்தை வேறொரு வீட்டில் பார்த்தேன். தாயார் நிற்கவேண்டிய இடத்தில் எல்லாப் படத்திலும் அந்த அண்ணிதான் நிற்கிறாள்.