தங்கராசு அண்ணன் ஜீப்பின் சத்தம்

தங்கராசு அண்ணன் இறந்துபோனார் என்று ஜீப் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "ஜீப்பு எங்க நிக்குது?" என்பதுதான். மலைக்கு ஆள் ஏற்றிப் போகிறவர் இறந்தால் போடியில் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஜீப் சிலமலையில் அவர் வீட்டு வாசலில் நிற்கிறது, சாயங்காலம் எல்லாரையும் இறக்கிவிட்டு வந்து காபி குடிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்றார்கள். வண்டியில் யாரும் இல்லை என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான், இரண்டு வருடமாக அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசவில்லையே என்பது உறைத்தது.

அவரை அறிந்தவர்களுக்கு நான் யாரென்று தெரியும். முந்தல் ரோட்டில் சைலன்சர் பத்தவைக்கும் வெல்டிங் கடை வைத்திருப்பவன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. தப்பு என்னுடையது, அதனால்தான்.

ஒரு மழைக்காலத்தில் அவர் கடைக்கு வந்து, ஜீப்பின் சத்தத்தை மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார் என்று நினைத்து, சைலன்சரின் உள்ளே இருந்த தடுப்புத் தகடுகளை எடுத்துவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். எனக்கு ஒரே பெருமை. அண்ணன் உடனே நிறுத்திவிட்டார்.

"தூங்குற பச்சப்புள்ளைகள எழுப்பவா கேட்டேன்? சத்தம் கூட்ட வேணாம் தம்பி. வேற மாதிரி வேணும்."

விஷயம் இதுதான். ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் விடியுமுன் வீட்டுக்குள் இருந்தபடியே வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுப்பார்கள். எல்லா ஜீப்பும் ஒன்றுபோலக் கத்தும். வேறு ஜீப்புக்கு ஓடிவந்து நனைந்துகொண்டு திரும்பிப் போவார்கள். பேச்சியம்மா அப்படி ஓடிவந்துதான் சகதியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஆரன் அடித்தால் என்ன என்று கேட்டேன். "ஆரன் அடிச்சா பதறி ஓடியாருவாக. சத்தம் தெரிஞ்சா நடந்து வருவாக" என்றார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அந்த முதல் சத்தம் போக, இன்னும் இரண்டு செய்தேன். ஒவ்வொரு முறையும் அண்ணன் சிலமலைக்கு ஓட்டிப் போய், தன் மனைவி ராசாத்தி மதினியை வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டுத் தெருமுனையிலிருந்து வருவார். இரண்டாவது சத்தத்தை, எருமைக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கிறது என்று மதினி தள்ளிவிட்டார். மூன்றாவதில் தகடுகளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, குழாயின் நடுவில் முனை அடைத்த ஒரு கிளைக்குழாயைச் சேர்த்துப் பத்தவைத்தேன். சத்தம் கூடவில்லை, ஆனால் அடியில் ஒரு முனகல் வந்து சேர்ந்தது, வாயை மூடிக்கொண்டு ஒருவர் பாடுவதைப் போல. மதினி அதற்குக் கதவைத் திறந்தார்.

அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதே மாதிரி வேற வண்டிக்கு வச்சிராத தம்பி." சரி என்றேன்.

ஆனால் நான் செய்ததிலேயே நல்ல சத்தம் அது. கேட்டு வந்தவர்கள் புகழ்ந்தார்கள். புகழ்ச்சிக்கு மயங்குகிறவன் நான். மூன்று ஜீப்புகளுக்கு அதே கிளைக்குழாயை வைத்துக் கொடுத்தேன். எல்லாம் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள்தாம் என்பதை யோசிக்கவே இல்லை.

அடுத்த வாரமே, மழையில் கரண்டு இல்லாத ஒரு விடியற்காலை, பேச்சியம்மாவும் இன்னும் மூன்று பேரும் சத்தத்தை நம்பி நடந்து வந்து, அந்த மூன்றில் ஒன்றில் ஏறிவிட்டார்கள். பின்னால் ஏறுகிறவர்கள் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஓட்டியவரும் கங்காணி அனுப்பிய புது ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார். வேறொரு எஸ்டேட்டில் இறங்கிய பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது. இங்கே தங்கராசு அண்ணன், பக்கத்து ஓடையில் தண்ணீர் போவதைப் பார்த்துவிட்டு, நான்கு பேரும் அதில் போய்விட்டார்கள் என்று டார்ச் விளக்கோடு கரை நெடுகத் தேடியிருக்கிறார். மேலேயிருந்து போன் வரும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்றாராம்.

அன்று மத்தியானம் ஈர வேட்டியோடு கடைக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஒரு வாக்குத்தான கேட்டேன்" என்றார். போய்விட்டார்.

அந்த வாரத்துக்குள் மூன்று வண்டியிலும் குழாயைக் கழற்றிச் சாதா குழாய் மாட்டினேன். அதை அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதன்பின் கடைக்கு வரவில்லை. தினமும் என் கடையைத் தாண்டும்போது மட்டும் ஆக்சிலேட்டரை இரண்டு முறை மிதித்துவிட்டுப் போவார். குத்திக்காட்டுகிறார் என்றே நினைத்தேன். இரண்டு வருடமும் அந்தச் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

துக்க வீட்டில் கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்தேன். பதினாறு முடிந்த பிறகு ராசாத்தி மதினி ஆள் அனுப்பினார். என்ன கேட்பாரோ என்று பயந்துகொண்டே போனேன். அண்ணனுக்கு என்மேல் கோபம் தீரவில்லை, தெரியும் மதினி என்று நானே ஆரம்பித்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"கோவமா? அது அன்னைக்கு ராத்திரியே போச்சு. அப்பறம் நீங்க மூணையும் கழட்டிட்டீகன்னு கேள்விப்பட்டுச் சிரிச்சாக."

பிறகு ஏன் கடைப்பக்கமே வரவில்லை என்று கேட்டேன்.

"நீங்க வச்ச பத்தவைப்பு விட்டுப்போனாத்தான தம்பி கடைக்கு வர்றதுக்கு?"

அந்த இரண்டு மிதியைப் பற்றியும் சொன்னார். நான்கு பேர் வண்டி மாறிப்போன மறுநாளே அண்ணன் கண்டுபிடித்த ஏற்பாடு அது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு முறை மிதித்தால் அது தங்கராசு வண்டி. என் கடை முன்னால் எதற்கு, அங்கே யாரும் ஏறமாட்டார்களே என்றேன். "நம்ம தம்பி கடை, அவனுக்கும் ஒரு வணக்கம் போடணும்பாக" என்றார் மதினி. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அழுகையும் வந்தது, மறைக்கவில்லை. இரண்டு வருடம் ஒரு மனிதர் தினமும் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்.

மதினி கூப்பிட்டது வேறு காரியத்துக்கு. ஜீப்பை ராசிங்காபுரத்தில் ஒருவர் தோட்டத்துக்கு லோடு அடிக்கக் கேட்டிருக்கிறார். கொடுக்குமுன் அந்தக் குழாயைக் கழற்றிவிட வேண்டும் என்றார்.

"அந்தச் சத்தம் தெருவுல வந்தா நான் கதவத் தெறந்துருவேன் தம்பி."

ஜீப்பை நானே கடைக்கு ஓட்டி வந்தேன். வழியில் இரண்டு வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். என் கடை வாசலுக்கு வந்ததும், எஞ்சினை நிறுத்துமுன் இரண்டு முறை மிதித்தேன். பிறகு இறங்கி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து கழற்றினேன்.

இப்போது அந்தக் குழாய் என் கடைச் சுவரில் தொங்குகிறது. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அது ஒன்றுதான், அதோடு அவர் கேட்ட அந்த வாக்கும். போன வாரம்கூட இரண்டு பேர் அளவெடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். வேறு சத்தம் செய்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.